300 மீட்டருக்கு அப்பால்: டிஎம்ஆர் எதுக்கு வந்தது?

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

பப்ஜி, பிஜிஎம்ஐ விளையாடினவங்க கையைத் தூக்குங்க. என்னால பார்க்க முடியாது, ஆனா நிறைய பேர் தூக்கியிருப்பீங்கனு தெரியும். அந்த கேம்ல துப்பாக்கிகளை வகை வகையாப் பிரிச்சு வச்சிருப்பாங்க. அசால்ட் ரைஃபிள், எஸ்எம்ஜி, ஷாட்கன், ஸ்னைப்பர். இதுக்கெல்லாம் நடுவுல டிஎம்ஆர்னு ஒரு வகை. எஸ்கேஎஸ், மினி14, எஸ்எல்ஆர், அப்புறம் ஏர் டிராப்ல மட்டும் கிடைக்கிற எம்கே14.

கல்லூரி ஹாஸ்டல்ல இருந்தப்போ எனக்கு இந்த வகையே புரிஞ்சதில்லை. கிட்டத்துல சுட ஏஆர் இருக்கு, தூரத்துல சுட ஸ்னைப்பர் இருக்கு. நடுவுல இது எதுக்குனு தோணும். அந்தக் கேள்விக்கு நிஜ ராணுவங்கள் பதில் கண்டுபிடிச்ச கதைதான் இன்னைக்கு. அதுல பல ராணுவங்களுக்கு அந்தப் பதிலைத் திரும்பக் கண்டுபிடிக்க நாற்பது வருஷம் ஆச்சு.

ஸ்னைப்பர் வேற, மார்க்ஸ்மன் வேற

டிஎம்ஆர்னா டெசிக்னேட்டட் மார்க்ஸ்மன் ரைஃபிள். ஒரு சின்ன காலாட்படைக் குழு, அதாவது ஸ்க்வாட், ஒன்பது பத்து பேர்னு வச்சுக்கோங்க. அதுல ஒருத்தர் மட்டும் மத்தவங்களை விடத் தூரமா, துல்லியமா சுடறதுக்குன்னு நியமிக்கப்பட்டவர். அவர்தான் மார்க்ஸ்மன். அவர் கையில இருக்கிறது டிஎம்ஆர்.

படத்துல பார்க்கிற ஸ்னைப்பர் தனி உலகம். பெரும்பாலும் ரெண்டு பேரா, குழுவை விட்டு விலகி, மறைஞ்சிருந்து வேலை செய்வாங்க. உளவு பார்க்கிறதுதான் அதுல பாதி வேலை. பல பேர் கையில ஒவ்வொரு தடவையும் போல்ட்டை இழுத்துச் சுடற ரைஃபிள் இருக்கும். மார்க்ஸ்மன் அப்படிக் கிடையாது. குழு ஓடினா அவரும் ஓடணும், குழு ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா அவரும் நுழையணும். அதனால அவருடைய துப்பாக்கி செமி ஆட்டோமேட்டிக், ஒரு தடவை டிரிகரை அழுத்தினா ஒரு தோட்டா, அடுத்த தோட்டா தானா ஏறிக்கும். மேலே ஒரு ஸ்கோப். பொதுவா 300 மீட்டர்ல இருந்து 600, 800 மீட்டர் வரைக்கும்தான் இவருடைய எல்லை.

சரி, ஏன் 300 மீட்டருக்கு மேல ஒரு தனி ஆள் தேவைப்படுது? மத்த எட்டுப் பேரும் ஏன் சுட முடியாது? அதுக்கு 1952-க்குப் போகணும்.

ஓர் அறிக்கையும் ஒரு சராசரியும்

அமெரிக்க ராணுவத்துக்காக நார்மன் ஹிட்ச்மன் என்பவர் 1952-ல ஓர் ஆய்வறிக்கை கொடுத்தார். காலாட்படை வீரன் கையில இருக்கிற துப்பாக்கி எப்படி இருக்கணும்னு கேள்வி. போர்க்களத் தரவுகளை எடுத்துப் பார்த்தாங்க. வந்த முடிவு இது: ரைஃபிளால் 300 கஜத்துக்கு அப்பால பயனுள்ளதா சுடறது அபூர்வம். காரணம், துப்பாக்கிக்கு அந்த திறன் இல்லாதது இல்லை. மரம், மேடு, புகை எல்லாம் மறைக்குது. அதைவிட முக்கியம், உயிர் பயத்துல இருக்கிற மனுஷனுக்குக் குறி நிக்காது. குறி எப்படியும் தப்பும், அதனால சின்னத் தோட்டாக்களை நிறைய, கொஞ்சம் பரவலா சுடறதுதான் புத்திசாலித்தனம்னு அறிக்கை சொன்னது.

அப்போ அமெரிக்காகிட்ட இருந்த சிந்தனை நேர் எதிர். 1957-ல எம்14 வந்தது. 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டா, கனமான துப்பாக்கி, தூரத்துக்கு ஏத்தது. ஆனா வியட்நாம் போர் நடக்கும்போதே அதை ஓரங்கட்டி எம்16-க்கு மாறினாங்க. 5.56 மில்லிமீட்டர் தோட்டா. ஒரு 7.62 தோட்டா கிட்டத்தட்ட 24 கிராம், 5.56 அதுல பாதி. 210 தோட்டா தூக்கணும்னா அஞ்சு கிலோவா, ரெண்டரை கிலோவானு கேள்வி. முதுகுல சுமக்கிறவனைக் கேட்டா பதில் உடனே வரும்.

இதை முட்டாள்தனம்னு சொல்ல முடியாது. தரவைப் பார்த்து எடுத்த முடிவு, தரவும் பொய் இல்லை. ஆனா என்னை மாதிரி ஐடில இருக்கிறவங்களுக்கு இந்தக் கதையோட அடுத்த பகுதி தெரிஞ்சிருக்கும். டேஷ்போர்டுல சராசரி ரெஸ்பான்ஸ் டைம் பச்சையா இருக்கும், எல்லாரும் சந்தோஷமா இருப்போம். நூத்துல ஒரு யூசருக்கு மட்டும் பக்கம் திறக்கவே பத்து விநாடி ஆகிட்டிருக்கும். சராசரி அந்த ஒருத்தரைக் காட்டாது. நம்ம வேலையில அந்த ஒருத்தர் ஆப்பை டெலீட் பண்ணிட்டுப் போயிடுவார். போர்ல அப்படி விலகிப் போக வழியில்லை.

ரஷ்யாக்காரங்க விட்டு வச்ச ஒண்ணு

சோவியத் ராணுவமும் அதே கணக்கைத்தான் போட்டது. சொல்லப்போனா முன்னாடியே போட்டது. 1949-ல ஏகே ராணுவத்துக்குள்ள வந்துடுச்சு. அதுவும் 300, 400 மீட்டருக்குள்ள சண்டை போடறதுக்கான துப்பாக்கிதான். ஆனா அவங்க ஒரு வித்தியாசம் பண்ணாங்க. எல்லார் கையிலயும் ஏகே கொடுத்தப்புறம், தூரத்துக்கு யார்னு ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரு போட்டி வச்சாங்க. அதுல ஜெயிச்சவர் யெவ்கெனி டிராகுனோவ். இஷெவ்ஸ்க் நகரத்துல விளையாட்டுப் போட்டிகளுக்கான ரைஃபிள்கள் வடிவமைச்சவர். அவருடைய எஸ்விடி 1963-ல சேவைக்கு வந்தது. ஒரு பிளட்டூனுக்கு ஒண்ணுன்னு கணக்கு.

எஸ்விடியைப் பார்த்தா ஸ்னைப்பர் ரைஃபிள் மாதிரி இருக்கும், ரஷ்ய மொழிப் பேர்லயே ஸ்னைப்பர்னு இருக்கு. ஆனா அது செய்யற வேலை மார்க்ஸ்மன் வேலை. செமி ஆட்டோமேட்டிக், பத்துத் தோட்டா மகசின், ஸ்கோப்போட சேர்த்து சுமார் 4.3 கிலோ. தோட்டா 7.62×54. இந்தத் தோட்டாவோட வயசு தெரியுமா? 1891. ஜார் காலத்து மோசின் நாகன்ட் ரைஃபிளோட தோட்டா. பழசுனு தூக்கிப் போடல, ஏன்னா பிகே மெஷின் கன்னும் அதே தோட்டாவைத்தான் சாப்பிடும். போர்க்களத்துல மார்க்ஸ்மனுக்குத் தீர்ந்து போனா மெஷின் கன் ஆள்கிட்ட கடன் வாங்கிக்கலாம்.

இதுல ஒரு சமரசமும் இருக்கு. குழலுக்குள்ள தோட்டாவைச் சுழல வைக்கிற மரை இருக்கும். முதல்ல 320 மில்லிமீட்டர் தூரத்துல ஒரு முழுச் சுற்று வர்ற மாதிரி வச்சிருந்தாங்க. சாதாரணத் தோட்டாவுக்கு அதுதான் துல்லியமா இருந்தது. ஆனா கவசம் துளைக்கும் தீப்பிடிக்கும் தோட்டாவைச் சுட்டா சரியா நிலைக்கல. அதனால 240 மில்லிமீட்டருக்கு மாத்தினாங்க. எல்லாத் தோட்டாவும் ஓடுச்சு, துல்லியம் கொஞ்சம் குறைஞ்சது. ராணுவம் அதைத் தெரிஞ்சே ஏத்துக்கிட்டது. போட்டி ரைஃபிள் வடிவமைச்ச மனுஷனுக்கு அது வலிச்சிருக்குமானு நான் யோசிச்சதுண்டு.

நம்ம இந்திய ராணுவத்துலயும் டிராகுனோவ் பல பத்தாண்டுகளா இருக்கு. ஆனா இங்க அதை ஸ்னைப்பர் வேலைக்கே பயன்படுத்தினாங்க. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுல ஆயிரம் மீட்டரைத் தாண்டி வேலை வந்தப்போ அந்த வித்தியாசம் உறைச்சது. அதனாலதான் சமீப வருஷங்கள்ல ஃபின்லாந்தோட சாக்கோ டிஆர்ஜி-42 மாதிரி, .338 தோட்டா சுடற ரைஃபிள்களை அங்க கொண்டு வந்திருக்காங்க. நடுவுல இருக்கிற ஒரு கருவியை ஓரத்துக்குத் தள்ளினா இப்படித்தான் ஆகும்.

1.7 மீட்டர்

எஸ்விடி மேல இருக்கிற ஸ்கோப்புக்குப் பேரு பிஎஸ்ஓ-1. நாலு மடங்கு பெரிசாக் காட்டும். அதுக்குள்ள பார்த்தா இடது பக்கம் கீழே ஒரு வளைஞ்ச கோடு, அதுக்கு அடியில ஒரு நேர்கோடு. 2, 4, 6, 8, 10னு எண்கள். அது தூரம் அளக்கிற அளவுகோல். லேசர் இல்லாத காலம். எப்படி அளக்கிறது? எதிர்ல நிக்கிற ஆளோட காலை நேர்கோட்டுல வைக்கணும். தலை எந்த இடத்துல வளைஞ்ச கோட்டைத் தொடுதோ, அங்க இருக்கிற எண்தான் தூரம். 4-ல தொட்டா 400 மீட்டர்.

இந்தக் கணக்கு வேலை செய்யணும்னா ஆளோட உயரம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? 1.7 மீட்டர்னு வச்சுக்கிட்டாங்க. அஞ்சடி ஏழு அங்குலம். கிட்டத்தட்ட என் உயரம்.

இதைப் படிச்ச அன்னைக்கு நான் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். டிரிகனோமெட்ரியா பார்த்தா அழகான தீர்வு. பேட்டரி வேண்டாம், ஒரு வளைகோடு போதும். ஆனா அந்தக் கருவிக்கு அளவு அலகே நின்னுட்டிருக்கிற ஒரு மனுஷன்தான்.

ஆப்கன் பள்ளத்தாக்குல கணக்கு மாறினது

இப்போ 2001-க்கு அப்புறம் ஆப்கானிஸ்தான். மலை, பள்ளத்தாக்கு, மரம் கம்மி, எதிர் மலைச்சரிவு கண்ணுக்கு நல்லாத் தெரியும். ஹிட்ச்மன் சொன்ன மறைப்புகள் பல இடங்கள்ல கிடையாது. தாலிபான் ஆட்கள் பழைய பிகே மெஷின் கன்னை எடுத்துக்கிட்டு தூரத்துல உக்காந்து சுடுவாங்க. 1891 தோட்டா மறுபடியும் வந்துடுச்சு, இந்தத் தடவை எதிர்ப் பக்கத்துல இருந்து.

அமெரிக்க வீரன் கையில எம்4. எம்16-ஐ விடக் குட்டைக் குழல், அதனால தோட்டாவோட வேகமும் கொஞ்சம் குறைவு. 2009-ல மேஜர் தாமஸ் எர்ஹார்ட் என்ற அமெரிக்க அதிகாரி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆப்கானிஸ்தான்ல பாதிக்கும் மேற்பட்ட மோதல்கள் 300 மீட்டருக்கு அப்பால நடக்குது, நம்ம காலாட்படை அங்க பலமில்லாம நிக்குதுன்னார். துப்பாக்கியை மட்டும் அவர் குறை சொல்லல, பயிற்சியையும் சொன்னார். அமெரிக்க ராணுவத்தோட வழக்கமான ரைஃபிள் தேர்வுல கடைசி இலக்கு நிக்கிறதே 300 மீட்டர்லதான். தேர்வுல வராத பாடத்தை யார் படிப்பாங்க? அவருடைய முடிவை ஏத்துக்காதவங்களும் உண்டு. ஆனா களத்துல இருந்தவங்க கையில கிடைச்சதை வச்சு ஏற்கெனவே தீர்வு தேட ஆரம்பிச்சிருந்தாங்க.

அமெரிக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா? கிடங்குல கிடந்த பழைய எம்14-களைத் தூசி தட்டி எடுத்தாங்க. அலுமினியச் சட்டத்துல பொருத்தி, ஸ்கோப் மாட்டி அனுப்பினாங்க. எம்14 ஈபிஆர். கேம்ல ஏர் டிராப்ல வர்ற எம்கே14 இந்தக் குடும்பம்தான். நல்லா சுடும், ஆனா ஆறு கிலோவுக்கு மேல. அதைத் தூக்கிட்டு மலை ஏறணும்.

பிரிட்டன்ல இன்னொரு கூத்து. எல்86-னு ஒரு 5.56 துப்பாக்கி, குழுவுக்கு மெஷின் கன் மாதிரி பயன்படும்னு கொண்டு வந்தது. அந்த வேலைக்கு அது சரிப்படல. ஆனா நீளக் குழல், நல்ல துல்லியம். சரினு அதையே மார்க்ஸ்மன் கையில கொடுத்தாங்க. அதுவும் போதலைனு 2010-ல அவசரக் கொள்முதல்ல எல்129ஏ1 வந்தது. முதல்ல வாங்கினது வெறும் 440 துப்பாக்கி. 7.62 தோட்டா, 6 மடங்கு ஸ்கோப். இருபது வருஷத்துக்கு மேல ஆகி பிரிட்டிஷ் காலாட்படைக்கு வந்த முதல் புது ரைஃபிள் அது.

ஒரு விநாடி

600 மீட்டர்ல சுடறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு சின்னக் கணக்கு. 7.62 தோட்டா அவ்வளவு தூரம் போக கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். ஒரு விநாடியில எந்தப் பொருளும் எவ்வளவு விழும்? பதினொண்ணாவது பிசிக்ஸ். ½gt², 4.9 மீட்டர். தோட்டாவுக்கு ஒரு விநாடியை விடக் கொஞ்சம் குறைவாத்தான் ஆகும், அதனால சுமார் நாலு மீட்டர்னு வச்சுக்கலாம். ஒரு மாடி உயரத்தை விட அதிகம். அவ்வளவு மேலே குழலைத் தூக்கிச் சுடணும். அந்த ஒரு விநாடியில சாதாரணமா நடக்கிற ஆள் ஒண்ணரை மீட்டர் நகர்ந்திருப்பார். காத்து வேற பக்கவாட்டுல தள்ளும்.

துல்லியத்தை எம்ஓஏனு ஒரு கோண அளவுல சொல்லுவாங்க. ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு. 100 மீட்டர்ல அது சுமார் 3 சென்டிமீட்டர், 600 மீட்டர்ல 17, 18 சென்டிமீட்டர். ஒரு துப்பாக்கி 4 எம்ஓஏனு வச்சுக்கோங்க. 600 மீட்டர்ல அது 70 சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ள எங்க வேணா விழலாம். மனுஷனோட தோள் அகலமே அவ்வளவு கிடையாது. நீங்க எவ்வளவு பெரிய சூரனா இருந்தாலும், மீதியை அதிர்ஷ்டம்தான் முடிவு பண்ணும். டிஎம்ஆருக்கு நல்ல குழல், நல்ல தோட்டா கொடுத்து இந்த வட்டத்தைச் சுருக்கறாங்க. விலை ஏறுறதுக்குக் காரணமும் அதுதான்.

டிஎம்ஆர் இல்லைனா என்ன?

நான் உண்மையில பேச வந்தது இதைத்தான். 600 மீட்டர்ல இருந்து மெஷின் கன் சுடுது, உங்க ரைஃபிளால பதில் சொல்ல முடியல. குழுத் தலைவர் என்ன பண்ணுவார்? ரேடியோவை எடுப்பார். மோர்ட்டார், பீரங்கி, கடைசியா விமானம்.

2009 மே மாதம் ஆப்கானிஸ்தானோட ஃபராஹ் மாகாணத்துல கிரானாய்னு ஒரு கிராமம். தரையில சண்டை நடந்துட்டிருந்தது. அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுச்சு. சுமார் 140 பொதுமக்கள் செத்தாங்கனு ஆப்கன் அரசு சொன்னது. அமெரிக்கா அதைவிடக் குறைவான எண்ணைச் சொன்னது. எந்த எண்ணா இருந்தாலும் அதுல குழந்தைகள் இருந்தாங்க. அந்த வருஷம் ஜூலையில, குடியிருப்புகள் மேல வான் தாக்குதலைக் கட்டுப்படுத்தச் சொல்லி ஜெனரல் மெக்கிறிஸ்டல் ஓர் உத்தரவு போட்டார்.

கிரானாய்ல டிஎம்ஆர் இருந்திருந்தா அது நடந்திருக்காதுனு நான் சொல்ல வரல. அது பெரிய சண்டை, ஒரு ரைஃபிள் அதைத் தீர்த்திருக்காது. டிஎம்ஆர் வந்ததால பொதுமக்கள் சாவு குறைஞ்சதுனும் சொல்ல மாட்டேன். நான் சொல்றது சின்ன விஷயம். கையில சின்னக் கருவி இல்லாதவன் பெரிய கருவியைத்தான் எடுப்பான். எதுவும் செய்யாம இருக்கிறதுக்கும் விமானத்தைக் கூப்பிடறதுக்கும் நடுவுல படிகள் இருக்கணும். டிஎம்ஆர் அப்படி ஒரு படி.

அதோட ஸ்கோப் இன்னொண்ணும் பண்ணுது. பார்க்க வைக்குது. குழுவுல மத்தவங்களுக்குத் தூரத்துல ஒரு புள்ளி தெரியும்போது, மார்க்ஸ்மனுக்கு அந்தப் புள்ளி கையில வச்சிருக்கிறது துப்பாக்கியா மண்வெட்டியானு தெரிய வாய்ப்பு இருக்கு. "சுடாதீங்க, அது விவசாயி"னு சொல்லக்கூடிய ஒரே ஆள் அவரா இருக்கலாம். சுடறதுனு முடிவானா, யாரைச் சுடறோம்னு பார்த்துட்டுச் சுடற ஆளும் அவர்தான். அந்தப் பாரம் ஸ்பெக் ஷீட்டுல வராது.

எல்லாருமே மார்க்ஸ்மன்?

அமெரிக்கா 2020-ல இருந்து எம்110ஏ1-னு ஒரு ஜெர்மன் கம்பெனி ரைஃபிளை ஸ்க்வாடுக்கு ஒண்ணுன்னு கொடுக்க ஆரம்பிச்சது. சோவியத் 1963-ல பண்ணதுக்குக் கிட்டத்தட்ட அதே முடிவு. அதோட நிக்கல. 2022-ல எம்4-க்குப் பதிலா 6.8 மில்லிமீட்டர் தோட்டாவோட எக்ஸ்எம்7-ஐத் தேர்ந்தெடுத்தாங்க. அதுக்கான ஸ்கோப்லயே லேசர் தூரமானியும் கணக்குப் போடற கம்ப்யூட்டரும் இருக்கு. 1.7 மீட்டர் ஊகம் இனி வேண்டாம். அதாவது எல்லார் கையிலயும் பாதி டிஎம்ஆர். விலை என்ன? தோட்டா கனம், மகசின்ல 30-க்குப் பதிலா 20. ஒரு வீரன் தூக்கற தோட்டா 210-ல இருந்து 140 ஆயிடுச்சு.

எனக்கு இதுல ஒரு சந்தேகம் உண்டு. ஆப்கன் மலையைப் பார்த்து எடுத்த முடிவு இது. உக்ரைன் போர்ல எத்தனையோ சண்டை பதுங்குகுழிக்குள்ள, மேல ட்ரோன் பறக்க, கைக்கெட்டும் தூரத்துல நடக்குது. போன போரோட விதிவிலக்கை எடுத்து அடுத்த போரோட சராசரியாக்கினா, 1952-ல பண்ண அதே தப்பைத் தலைகீழாப் பண்றோமோ? ஒன்பது பேர்ல ஒருத்தருக்கு மட்டும் வேற கருவி கொடுக்கறதுங்கிற பழைய யோசனை, எல்லாருக்கும் ஒரே கருவிங்கிறதை விட நிதானமானதாத் தோணுது. நான் களத்துல நின்ன ஆள் இல்ல, கோட் எழுதற ஆள். அதனால ராணுவத்துல இருந்தவங்க யாராவது கேட்டுட்டிருந்தா, நான் எங்க தப்புனு கண்டிப்பா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல வாசிக்கறேன்.

மத்தவங்களுக்கு, இன்னைக்கு நைட்டு ஸ்க்வாடோட உக்காரும்போது டிஎம்ஆர் கிடைச்சா கீழே போட்டுட்டுப் போகாதீங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.